எந்த கியர் நழுவியது?

பிப்ரவரி 9

இன்சூரன்ஸ் சர்வேயர் அவர்களுக்கு,

மகனே என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. பெற்ற அம்மாவின் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிப் போனவனை மகனே என்று கூப்பிட இன்னும் கொஞ்ச நாள் ஆகும். திருடன்கூடப் பூட்டை உடைத்துச் சிரமப்படுவான். நீ ஆணியில் தொங்கியதை எடுத்துக்கொண்டு, போகும்போது "உடம்பப் பாத்துக்கோம்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாய்.

ஏன் போன் செய்யாமல் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் நீ பேசினால் நான் கேட்க வேண்டும். நான் பேசத் தொடங்கினால் உனக்கு மீட்டிங் வந்துவிடும். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. பதிலும் எழுத்தில்தான் வேண்டும். வாயால் சொன்னதை மறுநாள் "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று மாற்றுவது உனக்குக் கைவந்த கலை. உன் அப்பா விட்டுப்போன சொத்து அது.

நடந்ததை எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. உன் அப்பா போன பிறகு நான்கு வருடம் அந்தக் காரை நீதான் ஓட்டினாய், தினமும் நெடுஞ்சாலையில் ஆபீசுக்கும் வீட்டுக்கும். உனக்கு மாற்றலாகி ஆபீஸ் கார் கிடைத்ததும் வண்டி என்னிடம் வந்தது. ஒரு வருடமாக நான் ஓட்டுகிறேன். லீவில் வந்த நீ, மருமகளையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனாய். போகிற வேகத்தில் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தது. எஞ்சின் அலறியது, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான், குழந்தை அழுதது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று கத்தினாய். "ஒரே வருஷத்துல வண்டிய நாசம் பண்ணிட்டியேம்மா! இனிமே நீ ஓட்டவே வேணாம், வித்துடலாம்!" மருமகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் ஆணி காலி.

இங்கே நிலைமை என்ன என்று தெரிந்துகொள். எங்கள் தையல் ஃபேக்டரி மேட்டுக்கு மேலே மாறிப் போய்விட்டது. பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். நானும், முடிந்த துணியில் குற்றம் கண்டுபிடிக்கும் செக்கிங்காரியும், அயர்ன்காரியும், பேக்கிங் அக்காவும் என் வண்டியில்தான் போய்வந்தோம். இப்போது நாலு பேரும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஏறுகிறோம். நான் பட்டன் ஓட்டை தைக்கும் காஜா மெஷினில் போய் உட்காருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. சூப்பர்வைசர் நேற்று சொல்லிவிட்டார், "இன்னும் லேட்டா வந்தா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்." என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அது என் மெஷின்.

ஒரே ஒரு கேள்வி. நழுவியது எந்த கியர்? அடிபட்ட வண்டியைப் பார்க்கப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக டிரைவரிடம் நீ முதலில் கேட்பது அதைத்தானாமே. நானும் கேட்கிறேன்.

சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்


பிப்ரவரி 17

அம்மா,

உன் கடிதம் ஆபீசுக்கு வந்தது. வீட்டு முகவரி உனக்குத் தெரியாதா? பக்கத்து மேசைக்காரர், "அம்மா கையால லெட்டரா? குடுத்து வெச்சவர் சார் நீங்க" என்றார். படித்து முடித்த பிறகு நான் அவர் பக்கமே திரும்பவில்லை.

சரி, எழுத்திலேயே சொல்கிறேன். லீவில் வந்த அந்த வாரம் நானும் உன் வண்டியில் வந்தேன், மறந்துவிடாதே. ரயில்வே கேட் மேட்டில் இருக்கிறது. கேட் மூடியிருந்தபோது ஹேண்ட்பிரேக் போடாமல், அரை கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றாய். கருகிய வாடை எனக்கு வந்தது, உனக்கு வரவில்லையாம். காலையில் ஸ்டார்ட் செய்த உடனே, ஆயில் சூடாவதற்குள், நாலு பேர் பாரத்தோடு மேடு ஏறுகிறாய். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது வேகம் குறையும்வரை பொறுப்பதில்லை, தள்ளுகிறாய். பெட்டிக்குள்ளே பல் நறநறக்கிறது. இப்படி ஓட்டினால் எந்த கியர்பாக்ஸ்தான் தாங்கும்? இதே வேலையைத் தினமும் பார்ப்பவன் நான். தேய்மானத்தைப் பார்த்தால் ஓட்டியவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒருவர் தன் கார் திருட்டுப் போய்விட்டதென்று வந்தார். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. வண்டியோடு கம்பெனி கொடுத்த இரண்டு சாவியையும் மேசைமேல் வைக்கச் சொல்வோம். அவர் ஒன்றைத்தான் வைத்தார். இன்னொன்று எங்கே என்றதும் மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் வண்டி அவருடைய மச்சான் வீட்டுப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. இப்படிப்பட்ட ஆட்களிடம் பழகிப் பழகி, "நான் நல்லாத்தான்டா ஓட்டுறேன்" என்று நீ சொன்னாலும் சந்தேகத்தோடுதான் கேட்க முடிகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவர் அடுத்த வாரம் வருவார். வண்டியைக் காட்டு. அவருக்குப் பிடித்திருந்தால் சாவியை நேராக அவருக்கே அனுப்பிவிடுகிறேன். ஃபேக்டரிக்கு ஆட்டோ வைத்துக்கொள், நான் ஏற்பாடு செய்கிறேன். இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த வம்பு?

கோபப்படாமல் யோசித்துப் பார்.

மகன்


பிப்ரவரி 24

தேய்மானம் பார்த்து ஆளைச் சொல்லும் ஜோசியருக்கு,

உன் புரோக்கர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கைக்கு ஒரு போன். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார், டயரை உதைத்தார், கையை நீட்டினார்.

"சாவி குடுங்கம்மா, ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்."

"சாவி விக்கிறவர்கிட்ட இருக்கு."

"அப்ப வண்டி?"

"வண்டி விக்காதவகிட்ட இருக்கு."

மனிதர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு, "உங்க குடும்பச் சண்டைக்கு நான் டீ குடிச்சுட்டுப் போறேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். இனி அனுப்பாதே, அவர் நேரத்தையும் கெடுக்காதே.

என் குற்றங்களை வரிசையாக எழுதியிருக்கிறாய். உன்னுடையதை யார் எழுதுவது? உன் வண்டியில் நானும் உட்கார்ந்து வந்தவள்தான். மேட்டிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருளவிடுவாய். அடிவாரம் வந்ததும் ஓடுகிற ஓட்டத்தில் கியரைத் திணிப்பாய். வாசலில் வண்டி முழுசாக நிற்பதற்குள் ரிவர்ஸ் போடுவாய், வீடே அதிரும். அப்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்கு உன் அகராதியில் அவசரம் என்று பேர். என் கையில் அதே சத்தம் வந்தால் நாசமா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது நம் வீட்டில் அம்மாவுக்கும் மகனுக்கும் பொருந்திவிட்டது.

ஆட்டோ வைத்துக்கொள் என்கிறாய். மேட்டு வழியில் காலை நேரத்தில் எந்த ஆட்டோக்காரன் வருகிறான்? வந்தாலும் செக்கிங்காரியை அடிவாரத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் ஏறிப்போக வேண்டுமா? அது என்னால் முடியாது.

வயதைப் பற்றி எழுதினாயே, அதற்கும் பதில் வாங்கிக்கொள். உன் அப்பா இருந்தவரை நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கேட்டபோதெல்லாம், "உனக்கெதுக்கு? நான்தான் இருக்கேனே" என்பார். அவர் போன பிறகு, ஐம்பது தாண்டி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில் டிரைவிங் ஸ்கூல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இரண்டு தடவை ஃபெயிலாகி மூன்றாவதில் லைசென்ஸ் வாங்கினேன். இந்த வயதில்தான் எனக்கு இந்த வம்பு கிடைத்தது. விடமாட்டேன்.

நேற்று சூப்பர்வைசர் சொன்னதைச் செய்துவிட்டார். என் மெஷினில் புதிதாக வந்த ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பிசிறு வெட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். கத்தரிக்கோலும் நானும். அவள் நல்ல பெண்தான். நூல் அறுந்தால் திரும்பி என்னைத்தான் பார்க்கிறாள். நான் எழுந்து போய்க் கோத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். அடுத்த மாதக் கடைசிக்குள் நேரத்துக்கு வரத் தொடங்கினால் மெஷினைத் திருப்பித் தருகிறேன் என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அவளுக்கே எழுதிவிடுவார்களாம். எனக்கு அழுகை வந்தது. உன்மேல் வந்த ஆத்திரத்தில் அழவில்லை.

இரண்டு பக்கம் எழுதியிருந்தாய், என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. உன்னிடம் வரும் டிரைவர் இப்படி மழுப்பினால் நீ என்ன எழுதுவாய்?

எந்த கியர்?

பிசிறு வெட்டுபவள்


மார்ச் 4

அம்மா,

ஐந்தாவது. போதுமா?

ஐந்தாவது நழுவினால் ஐந்தாவதை மட்டும் கெடுத்தார்கள் என்று அர்த்தமில்லை. எல்லாப் பல்சக்கரமும் ஒரே பெட்டிக்குள் ஒரே ஆயிலில்தான் ஓடுகிறது. ஒன்றில் உதிர்ந்த இரும்புத்தூள் மற்றதையும் அரிக்கும். உனக்கு இதெல்லாம் எழுதிப் புரியவைக்க முடியாது.

மெஷின் போனது எனக்கு வருத்தம்தான். சூப்பர்வைசரிடம் நான் பேசட்டுமா?

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். ஜனவரியில் ஒரு சிறிய காரைப் பார்க்கப் போனேன். நம் வண்டி மாதிரியே, அதே நிறம். முன்பக்கம் மொத்தமும் உள்ளே போயிருந்தது. ஓட்டியது உன் வயது அம்மா ஒருவர். பிழைத்துக்கொண்டார், இடுப்புதான் உடைந்துபோனது. நான் அளவெடுக்கக் குனிந்தபோது டிரைவர் சீட்டில் ஒரு குஷன் கிடந்தது. உயரம் பற்றாமல் போட்டுக்கொண்டது. நீயும் ஒன்று போட்டிருக்கிறாயே, அந்தப் பூப்போட்டது. டேப்பை என் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு அறிக்கையையும் அவர்தான் எழுதினார்.

அதற்குப் பிறகு லீவில் வந்து, குழந்தையை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் கியர் நழுவியபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? அப்பா விழுந்த அன்று ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. அந்த மாதிரி இன்னொரு போனை என்னால் எடுக்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. அவ்வளவுதான். சாவி இங்கே என் மேசை இழுப்பறையில் இருக்கும்வரை நான் தூங்குகிறேன்.

இதைப் படித்த பிறகும் பிடிவாதம் பிடித்தால் நான் என்ன செய்வது?

மகன்


மார்ச் 13

மகனே,

உன் பயத்தை இரண்டு தடவை படித்தேன். அதனால்தான் இந்தத் தடவை மகனே என்று எழுதினேன். அதற்காகச் சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே.

பயம் உன்னுடையது, வண்டி என்னுடையது. உன் பயத்துக்கு என் வண்டியை எப்படி விற்பாய்? பத்தாம் வகுப்பில் நீ ஆற்றில் நீந்தப் போனபோது எனக்கில்லாத பயமா? வேலைக்கு இவ்வளவு தூரம் ரயிலேறியபோது எனக்கில்லாத பயமா? அதற்காக உன் செருப்பை ஒளித்து வைத்தேனா? நீ திரும்பி வரும்வரை வாசலில் நின்றேன். உனக்குப் பயமாக இருந்தால் நீயும் போய் உன் வாசலில் நில். சூப்பர்வைசரிடம் நீ ஒன்றும் பேச வேண்டாம். எனக்கு வாய் இருக்கிறது.

இப்போது ஐந்தாவது கியருக்கு வருவோம்.

ஐந்தாவது என்று படித்ததும் நான் சிரித்த சிரிப்பில் அயர்ன்காரி ஓடிவந்துவிட்டாள். அட படித்தவனே, வீட்டுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் ஐந்தாவது கியருக்கு இடம் எங்கே இருக்கிறது? மேட்டில் ஒன்று, இரண்டு. கடைத்தெருவில் இரண்டு, மூன்று. நாலாவது ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம். வண்டி என் கைக்கு வந்த பிறகு அந்த ஐந்தாவது கியர் சும்மா படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவனை நான் எப்படி அடித்திருப்பேன்? என் கையால் கெட்டிருந்தால் இரண்டாவதல்லவா நழுவ வேண்டும்?

வாய்ச்சொல் உனக்குப் போதாது என்று தெரியும். நம் தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். சாவி இல்லையே என்றேன். "ஐந்தாவதுக்குச் சாவியே வேணாங்க்கா" என்றார். நம் வண்டியில் மற்ற கியர்களெல்லாம் பெரிய பெட்டிக்குள் கூட்டுக்குடித்தனம். ஐந்தாவது மட்டும் கடைசியில், தனி மூடிக்குள், தனிக்குடித்தனம். ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, ஆயிலை வடித்துவிட்டு மூடியைத் திறந்தார். உள்ளே இருந்து ஒரு துண்டை எடுத்தார். கவட்டை மாதிரி இரண்டு காலோடு இருந்தது. ஃபோர்க் என்று பேராம். நீ கியர் கம்பியைத் தள்ளினால் இதுதான் வளையத்தைத் தள்ளிக்கொண்டுபோய் கியரில் சேர்க்கிறதாம். உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது என்று காட்டத்தான் எழுதுகிறேன்.

தேய்மானத்துக்கு யார் காரணம் என்று மெக்கானிக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் தடுத்துவிட்டேன். "நீங்க சொல்லாதீங்க தம்பி. சொல்ல வேண்டியவன் வேற ஊர்ல இருக்கான்." துடைத்து, பழைய துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். இதைப் பார்க்க உன்னைவிடத் தகுதியான ஆள் யார்? யாரோ ஒரு வாடிக்கையாளர் அனுப்பியது என்று நினைத்துக்கொண்டு பார். பார்த்ததை அப்படியே எழுது. அந்த அம்மாவின் வண்டியை அளக்க முடியாமல் எழுந்து வந்ததாகச் சொன்னாயே, அப்படி வந்தவன் பொய் எழுதமாட்டான் என்று நம்புகிறேன்.

நீ எழுதும்வரை நானும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு தகவல் மட்டும். உன் அப்பாவின் பழைய வேனிலும் பிறகு இந்தக் காரிலும், இருபது வருடம் நான் ஓர் இடது கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். அதற்குப் பிறகு நான்கு வருடம் இன்னோர் இடது கை. இரண்டும் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும்.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

அம்மா


மார்ச் 22

அம்மா,

டின்னைத் திறந்ததும் உன் மருமகள் பிஸ்கட் என்று கையை விட்டாள். விரலெல்லாம் கறுப்பு. "உங்க அம்மா எனக்கு இதான் அனுப்புவாங்களா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. துணியைப் பிரித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு நாள் அதை மேசை மேலேயே வைத்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "யாருது சார் இது? கைய எடுக்கவே மாட்டான் போலிருக்கே" என்றார். வாடிக்கையாளர் என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்ட மாதிரியே எழுதுகிறேன். ஆய்வுக்கு வந்த பொருள்: ஐந்தாவது கியரின் ஃபோர்க். இரண்டு கால்களும் ஒரே பக்கத்தில் மட்டும் தேய்ந்துள்ளன. முறிவோ, அடிபட்ட தடமோ இல்லை. மற்ற கியர்களிலிருந்து இரும்புத்தூள் வந்து அரித்ததற்கான அடையாளமும் இல்லை. கியர் சேர்ந்த பிறகு ஃபோர்க் எதையும் அழுத்தாமல் சும்மா இருக்க வேண்டும். ஓட்டுபவர் கியர் கம்பியின் தலையில் கையை வைத்துக்கொண்டே ஓட்டினால், அந்தக் கையின் பாரம் ஃபோர்க்கைச் சுழலும் வளையத்தின்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். பல வருடம், நீண்ட தூரம், ஐந்தாவது கியரில் ஓடினால்தான் இவ்வளவு தேய்மானம் வரும். மேட்டில் ஓட்டியதால் வராது. முடிவு: இந்தப் பழுதுக்கு இப்போது ஓட்டுபவர் காரணமல்ல. முன்பு ஓட்டியவரின் இடது கையே காரணம்.

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலையில் இவ்வளவு சின்ன அறிக்கையை எழுத இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று மாலை ஆபீஸ் காரில் வரும்போது சிக்னலில் நின்றேன். குனிந்து பார்த்தால் இடது கை கியர்மேல் இருந்தது. எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன். அடுத்த சிக்னலில் பார்த்தால் மறுபடியும் அங்கேயே. நான் வைத்ததாக ஞாபகமே இல்லை. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. "கைய இங்கயே வெச்சுக்கோடா, வண்டி உன் பிடியில இருக்கும்." அது அவர் கைதான். என் தோளில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. உன்னைத் திட்டிய அன்றுகூட அந்தக் கை அங்கேதான் இருந்திருக்கும்.

கூடத்தில் நின்று கத்தியது தப்பு. மன்னித்துவிடு. கிளட்ச்சைப் பற்றி நான் இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் பெட்டியை இறக்கிப் பார்க்காமல் இனி எழுதமாட்டேன்.

சாவியை இத்துடன் அனுப்புகிறேன். பயம் போகவில்லை. நீ சொன்ன மாதிரி என் வாசலில் நின்று பார்க்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: நாலு பேரை ஏற்றாதே, இரண்டு பேர் போதும்.

மகன்


மார்ச் 31

என் மகனுக்கு,

சாவி வந்தது. புது ஃபோர்க் போட்டு, ஆயில் ஊற்றி மூடியாகிவிட்டது. புதன்கிழமை நாலு பேரும் மேடு ஏறினோம். உன் நிபந்தனையை வண்டிக்குள் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "எந்த ரெண்டு பேர எறக்கிவிடணும்னு அவரையே வந்து சொல்லச் சொல்லு" என்றாள் செக்கிங்காரி. அதனால் நிபந்தனை தள்ளுபடி. மணி அடிப்பதற்குள் நான் என் மெஷினில் இருந்தேன். அந்தப் புதுப்பெண்ணுக்குப் பக்கத்து மெஷினைக் கொடுத்திருக்கிறார்கள். நூல் அறுந்தால் இப்போதும் என்னைத்தான் பார்க்கிறாள்.

கேட்டில் ஹேண்ட்பிரேக் போடுகிறேன், கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். கருகிய வாடை எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. உனக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. ஸ்டார்ட் செய்த பிறகு அயர்ன்காரி தலை சீவி முடிக்கும்வரை நிற்கிறோம், அதற்குள் எஞ்சினும் கொஞ்சம் சூடாகிவிடுகிறது. மேட்டை மெதுவாகத் தொடங்குகிறேன். குஷனையும் மாற்றிவிட்டேன். இது நழுவாது. இதெல்லாம் நீ சொல்லி நான் கேட்டது, குறித்துக்கொள். அடிக்கடி நடக்காது.

அடுத்த லீவுக்கு வரும்போது உன்னையும் மேட்டுக்குக் கூட்டிப்போகிறேன். நான்தான் ஓட்டுவேன். முன் சீட் செக்கிங்காரியுடையது, அதில் யார் வந்தாலும் அவள் விடமாட்டாள். அன்றைக்குப் பேக்கிங் அக்காவுக்கு லீவு. நீ பின்னால் அயர்ன்காரி பக்கத்தில் உட்கார். அங்கிருந்து கியர் எட்டாது.

இந்தப் பிஸ்கட் டின்னில் மருமகளுக்கு நிஜமாகவே பிஸ்கட் இருக்கிறது. அடியில் காகிதத்தில் சுற்றி ஒரு சாவி இருக்கும். எடுத்துப் பார். நீ அனுப்பியது இல்லை. அது வாசல் ஆணியில் தொங்குகிறது.

இது இன்னொன்று. உன் அப்பா வண்டி வாங்கிய அன்று என் கையில் கொடுத்து, பத்திரமாக வை என்றது. நீ ரயிலேறிய அன்றும் என் தையல் பெட்டியில்தான் இருந்தது. ஐந்தாவது தவிர மற்ற நாலும் நன்றாகத்தான் ஓடின. மறுநாளே எடுத்து ஓட்டியிருக்கலாம். செக்கிங்காரிக்குத் தெரிந்தபோது மேட்டின் நடுவிலேயே நின்றுவிட்டாள். "சாவிய வீட்ல வெச்சுக்கிட்டா எங்கள நடக்க விட்ட?" என்றாள். என் வண்டியை நானே திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டமாட்டேன், எடுத்துப்போனவன் கையாலேயே அது திரும்பி வரட்டும் என்றேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "சரி, நட" என்றாள். பிசிறு வெட்டிய ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினேன். இன்னும் ஒரு மாதம் ஆகியிருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன்.

மச்சான் வீட்டுத் தார்ப்பாயைக் கண்டுபிடித்தவன், சொந்த அம்மாவிடம் இரண்டாவது சாவி எங்கே என்று கேட்க மறந்துவிட்டாயே. இப்போது உங்கள் வழக்கப்படி இரண்டு சாவியையும் காட்டிவிட்டேன். அறிக்கையில் சேர்த்து எழுதிக்கொள்: வண்டி திருட்டுப் போகவில்லை. உரிமையாளரிடம்தான் இருக்கிறது.

அம்மா